லூர்துநாதன் போட்ட தண்ணீர்க் கணக்கு

என் தம்பி லூர்துநாதன் தண்ணீர் வேலை பார்த்தவன். மாதாமேட்டில் எந்த வீட்டில் கேட்டாலும் "டேங்க்காரர்" என்றால் தெரியும். கடைசி வருஷங்களில் அவனை வைத்து ஊரில் ஒரு சிரிப்பு இருந்தது. குழாயடியில் யாராவது, "தண்ணி நல்லாருக்கா சார், குடிக்கலாமா?" என்று கேட்டால், "கொதிக்க வச்சுக் குடிங்க" என்பான். அடைமழையிலும் அதே பதில், கோடை வெயிலிலும் அதே பதில். தண்ணீர் விடுகிறவனே தன் தண்ணீரை நம்பவில்லையே என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. சிரித்தவர்களிடம் நேரே சண்டைக்குப் போயிருக்கிறேன். கோட்டுச்சேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இனிமேல் சொன்னால் யாருக்கும் வலிக்காது என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு வலிக்கும், அது போகட்டும்.

மாதாமேடு என்றால் காரைக்காலிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. வரிச்சிக்குடியைத் தாண்டிக் கடல் பக்கமாக இறங்கினால், வயலும் மணலும் சேருகிற இடத்தில் நாலு தெரு, ஒரு மாதா கோயில், ஒரு கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான் ஊர். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். அதனால் மேற்கே தள்ளி, நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் போர் போட்டு, தொட்டி கட்டி, அங்கிருந்து நீளமாகக் குழாய் இழுத்து வந்தார்கள். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்திய குடிநீர்ச் சங்கம் அது. குழாய் கடைசித் தெருவோடு நின்றிருக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய ஒரு பெரியவர், தன் மனைவியின் கல்லறையைக் கழுவ ஆட்கள் குடம் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று, கடைசித் தெருவிலிருந்து வாய்க்காலைத் தாண்டிக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஒரு கிளைக்குழாய் போட்டுக் கொடுத்தார். நவம்பரில் இறந்தவர்களுக்காக வருகிற கல்லறைத் திருநாள் சமயத்தில் அதைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது மூடியே கிடக்கும்.

லூர்து டிப்ளமா படித்துவிட்டு, மேட்டூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் வேலைக்குப் போனான். அங்கே அவன் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் அவன் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆலையில் நீளமான குழாய்களில் திரவம் ஓடும். அது குழாய்க்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க, ஒரு முனையில் கொஞ்சம் சாயத்தை விட்டுவிட்டு மறுமுனையில் காத்திருப்பார்களாம். சாயம் மொத்தமாக ஒரே சமயத்தில் வெளியே வராது. குழாயின் நடுவில் போகிறது முந்திக்கொண்டு வந்துவிடும். சுவரை ஒட்டிப் போகிறது இழுத்து இழுத்துப் பின்னால் வரும். மூலையில் மாட்டிக்கொண்டது எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. "ஒரே கொழாய்தான்க்கா. ஆனா உள்ள போற ஒவ்வொரு சொட்டுக்கும் ஒவ்வொரு வயசு" என்பான். லீவில் வந்தாலும் இதே பேச்சு. சாப்பாட்டில் கை வைத்தபடி ரசம் ஆறிப்போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். முதல்ல சாப்பிடுடா கிறுக்கா என்று அதட்டியிருக்கிறேன்.

எழுபத்து மூன்றில் அப்பா இறந்தார். அம்மாவைத் தனியாக விட முடியாமல் லூர்து ஆலை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். குடிநீர்ச் சங்கத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. மோட்டார் ஓட்டுவதற்கு நீலமேகம் என்று ஒருவர் இருந்தார். தொட்டி, குழாய், வால்வு, மருந்து எல்லாம் லூர்துவின் பொறுப்பு. மறுவருஷம் நெரவியிலிருந்து சகாயம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தான். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்னால் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் வந்ததில்லை. என்னையே கிண்டல் பண்ணுவாள். "அண்ணி வர்றாங்க, எல்லாரும் வாய்ப்பாடு சொல்லுங்க" என்பாள். எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவள்தான்.

அடுத்த வருஷம் பையன் பிறந்தான். இன்னாசி என்று பெயர் வைத்தார்கள். எழுபத்தேழு புயல் வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. புயல் ஓய்ந்ததும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். தொட்டியில் மருந்து போட்டாயிற்று என்றால் குழாயிலும் மருந்து வந்துவிட்டது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம். சாயத்தைப் பற்றி அவ்வளவு பேசின லூர்துவுக்குக்கூட அந்தக் குழப்பத்தில் அது தோன்றவில்லை. பையன் அன்று சாயங்காலம் குடித்தது, மருந்து போடுவதற்கு முன்பே புயலில் அழுக்கு கலந்து குழாய்க்குள் கிடந்த தண்ணீர். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. சின்ன உடம்பு, தாங்கவில்லை. அந்தச் சவப்பெட்டியை லூர்துவே தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பல வருஷம் அவன் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை. திருநாளன்று சாமியார் கல்லறைகளை மந்திரிக்கிற மந்திரிப்புக்கு ஊரே போகும்போதும் தொட்டியடியில் வேலை இருக்கிறது என்று போய்விடுவான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வேலை. தொட்டியை விட்டுக் கிளம்புகிற தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது போகிறது, அதில் முந்தி வருவது எவ்வளவு, பிந்தி வருவது எவ்வளவு, கடைசிச் சொட்டுப் பழைய தண்ணீரும் எப்போது போய்த் தீரும். இதைக் கண்டுபிடித்துவிட்டால் இன்னொரு பிள்ளை சாகாது. அவனுக்குத் தெரிந்த துக்கம் அனுஷ்டிக்கிற முறை அதுதான் போலிருக்கிறது. பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள், இவன் காலண்டர்த் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். "அவகிட்ட நாலு வார்த்தை பேசுடா" என்று ஒரு நாள் கத்தினேன்.

பேசினான். அவனுக்குத் தெரிந்த மாதிரிப் பேசினான். அடுத்த முறை நான் போனபோது கொல்லையில் வரிசையாகக் குடங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒவ்வொரு குடத்துக்கும் பக்கத்தில் ஒரு டம்ளர். சகாயம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நிற்கிறாள்.

"என்ன கூத்துடா இது?" என்றேன்.

"கொழாய்க்கா" என்றான். "நீளமான கொழாய வரிசையா நிக்கிற கொடம்னு வச்சுக்க. மொதக் கொடம் தொட்டிக்குப் பக்கம். கடைசிக் கொடம் நம்ம வீடு. ஒவ்வொரு கொடத்துலேருந்தும் ஒரு டம்ளர் எடுத்து அடுத்த கொடத்துல ஊத்துறோம். மொதக் கொடத்துல மட்டும் ஒவ்வொரு தடவையும் நீலம் கரைச்ச தண்ணி ஊத்துறோம். கலக்கிவிட்டுத் திரும்ப ஊத்துறோம். கடைசிக் கொடம் எப்ப நீலமாவுதுன்னு பாக்கணும்."

வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம். நானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டேன். ஊற்றினோம், ஊற்றினோம், கை வலிக்க ஊற்றினோம். முதல் குடம் சீக்கிரமே கறுநீலமாகிவிட்டது. நடுக்குடங்கள் வெளிறிய நீலம். கடைசிக் குடத்தில் ஒன்றையும் காணோம். வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தால்தான் நீலம் வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும்.

"நம்ம வீட்டுக்கு மட்டும் ஏங்க வரமாட்டேங்குது?" என்று கேட்டாள் சகாயம்.

"வரும். ஆனா மொதக் கொடம் மாதிரி ஆவுறதுக்கு ரொம்ப நேரம் புடிக்கும். பழைய தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தான் போவும்."

அவள் கடைசிக் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு அவன் குடிச்சது இந்தக் கொடந்தானே" என்றாள். அவன் தலையசைத்தான். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள். பையன் போன பிறகு அவர்கள் ஒன்றாக அழுததை அன்றுதான் பார்த்தேன். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த நாளிலிருந்து சகாயத்துக்கு அவன் கணக்கு வேதவாக்கு. மற்றவர்கள் "டேங்க்காரர் என்னமோ சொல்றாரு" என்பார்கள். இவள் சண்டை பிடிப்பாள். "நான்தான் என் கையால டம்ளர் டம்ளரா ஊத்திப் பாத்தேனே" என்பாள். தெருத்தெருவாகப் போய், எத்தனை வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று விசாரித்து வந்து அவனிடம் சொல்வதும் அவள்தான். குடத்தை வைத்துச் செய்ததை அவன் தாளில் செய்தான். ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனி வரிசை. கை ஓய்ந்துபோகிற பெருக்கல்.

எண்பத்தொன்றில் எங்கள் பெரியப்பா மகன் சிலுவைராஜ் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தபோது, லூர்துவுக்கு ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்து கொடுத்தார். சாதாரணக் கால்குலேட்டர் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஒருமுறை வரிசையாகச் சொல்லி வைத்துவிட்டால், அதுவே திரும்பத் திரும்பச் செய்து விடையைக் காட்டும். எல்லோருக்கும் சென்ட்டும் சட்டைத்துணியும் வந்தது, இவனுக்கு இது. குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தான். நாலு தெருவையும் அதற்குள் குடங்களாக அடுக்கிவிட்டான். இன்றைக்குத் தொட்டியில் மருந்து போட்டால் எந்தக் குழாய்க்கு எப்போது எவ்வளவு வரும் என்று அது யோசித்து யோசித்துச் சொல்லும். லூர்து சும்மா நம்பிவிடுகிறவன் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனை மருந்து சொட்டுவிட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பான். மஞ்சள் வந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். கால்குலேட்டர் சொன்னதும் மஞ்சள் வந்ததும் ஒத்துப்போனது. அன்று அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பையன் போன பிறகு அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. வாய்க்கால் உடைந்து கடைசித் தெரு வரைக்கும் தண்ணீர் நின்றது. மின்சாரம் போய் மோட்டாரும் நின்றுவிட்டது. குழாயில் அழுத்தம் இல்லாதபோது, வெளியே நிற்கிற அழுக்குத் தண்ணீர் இணைப்பு வழியாக உள்ளே கசியும். பக்கத்து ஊர்களில் வாந்திபேதி என்று செய்தி வந்தது. மின்சாரம் வந்ததும் லூர்து தொட்டியில் நல்ல அளவுக்கு மருந்து போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அங்கே நடந்ததை நீலமேகம் பிறகு எனக்குச் சொன்னார். நாலு தெருவுக்கும் விடை வந்துவிட்டதாம். கல்லறைக்குப் போகிற கிளைக்குழாய்க்கு மட்டும் கால்குலேட்டர் பிழை என்று காட்டிக்கொண்டே இருந்ததாம்.

"ஏன் சார், அதுக்கு மட்டும் கணக்கு வரலையா?" என்று நீலமேகம் கேட்டிருக்கிறார்.

"அதுல யாரும் தண்ணி எடுக்குறதில்லங்க. ஓட்டம் பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்கச் சொன்னா அது என்ன பண்ணும், பாவம்" என்று சிரித்திருக்கிறான் லூர்து. "திருநாளுக்குக் கழுவ எடுப்பாங்க. கழுவுறதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன." அந்தக் கிளையை எடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிட்டான்.

நாலு தெருவிலும் குழாய் குழாயாகப் போய்ச் சொட்டுவிட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் மஞ்சள். அக்டோபர் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும், சாமியாரிடம் கேட்டுக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்தில் நின்று ஊருக்குச் சொன்னான். "எல்லாக் கொழாயிலயும் மருந்து வந்துடுச்சுங்க. பழைய தண்ணி போயிடுச்சு. இனிமே தாராளமா குடிக்கலாம்." எல்லோரும் தலையசைத்தார்கள். சகாயம் பெண்கள் பக்கத்தில் தலையில் முக்காட்டோடு நின்று, அவனையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, கல்லறை கழுவுகிற நாள். அதற்கு மறுநாள் திருநாள். செவ்வாய் சாயங்காலம் சகாயத்துக்கு வயிறு கலங்கியது. அவனிடம் சொல்லவில்லை. கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்ததைப் பார்த்து அவன் கேட்டபோது, "பழைய மீன்கொழம்புங்க. நீங்க சாப்புடல, நான்தான் மிச்சத்த வழிச்சுத் தின்னேன்" என்றிருக்கிறாள். விடிந்தபோது எழுந்திருக்க முடியவில்லை. சாலையில் இன்னும் தண்ணீர் நின்றதால் கார் ஊருக்குள் வரவில்லை. மாட்டு வண்டியில் வைத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து காரில் காரைக்காலுக்கு. எனக்கு ஆள் வந்து சொல்லி, நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண் உள்ளே போய், அந்தச் சிரித்த முகம் அடையாளமே தெரியவில்லை.

"தண்ணியில ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள் என்னைப் பார்த்ததும். நான் கேட்கவே இல்லை. "அவருகிட்ட சொல்லுங்க. மீன்கொழம்புதான்."

மத்தியானம் போய்விட்டாள். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கொண்டுவர நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். அவளைப் பையனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் பண்ணினோம். லூர்து கூட்டத்தோடு வந்தான், கூட்டத்தோடு போனான். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த நாலைந்து நாளில் அவன் என்னிடம் பேசினான். "அக்கா, நான் யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றான். "ஊரே இந்தத் தண்ணியத்தான குடிச்சுது. ஞாயித்துக்கெழமையிலேருந்து நாலு தெருவும் குடிச்சுது. ஒரு வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. அவளுக்கு மட்டுந்தான் வந்துது. தண்ணியில இருந்தா எல்லாருக்கும்ல வந்துருக்கணும்?"

"ஆமாடா" என்றேன்.

"அப்ப தண்ணி இல்லக்கா. மீன்கொழம்புதான்."

"மீன்கொழம்புதான்டா."

அந்த வருஷம் முழுக்க இதை எத்தனை முறை சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் போகும்போதெல்லாம் சொன்னான். நீலமேகத்திடம் சொன்னான். சாமியாரிடம் சொன்னான். ஊரே குடித்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் சாப்பிட்டான், தூங்கினான், தொட்டியடிக்குப் போனான். கணக்கு சரி என்றால் அவளைக் கொன்றது அவன் இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கணக்கு டீச்சர் இல்லையா நான், அந்தத் தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை.

எண்பத்து மூன்றில் திருநாள் வந்தது. கல்லறை கழுவ வீட்டில் பெண் இல்லை. அம்மாவால் நடக்க முடியாது. நான் கழுவுகிறேன் என்று கோட்டுச்சேரியிலிருந்து கிளம்பிப் போனேன். லூர்து துடைப்பத்தையும் சுண்ணாம்பு வாளியையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "நானும் வர்றேன்க்கா. அவளுக்கு நான்தான செய்யணும்" என்றான். மாதாமேட்டில் கழுவுகிற நாள் பெண்களுக்கான நாள். ஆண்கள் மறுநாள் மந்திரிப்புக்கு மட்டும்தான் வருவார்கள். அவனைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு பாவம் என்று வழிவிட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. மண்டியிட்டு, பையன் கல்லறையையும் அவள் கல்லறையையும் பாசி போகத் தேய்த்தான். அழுதுகொண்டே தேய்த்தான். நானும் அழுதேன்.

கழுவி முடித்துச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. அடுத்த வீட்டுக் குஞ்சம்மா பக்கத்தில் வந்தாள். வயதானவள், சகாயத்துக்கு அம்மா மாதிரி இருந்தவள். "தம்பி, கடைசியா தலமாட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. ஊத்திட்டு அதுலேருந்தே நீங்களும் ஒரு வாய் குடிக்கணும்" என்றாள்.

"குடிக்கணுமா?"

"இது பொம்பளைங்க வழக்கம் தம்பி. ஆம்பளைங்களுக்குத் தெரியாது. நாம ஒரு வாய் குடிச்சாத்தான் அவங்களுக்குத் தாகம் தீரும்னு செய்யறது. புள்ளைய அடக்கம் பண்ணுன தாய் கண்டிப்பாச் செய்வா."

எனக்கே அப்போதுதான் அந்த வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதில் மறந்தே போயிருந்தேன். லூர்து செம்பை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் நடந்தான். குஞ்சம்மா அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"கொழாத்தண்ணி வேணாம் தம்பி. இந்தாங்க, வீட்டுலேருந்து கொதிக்க வச்சுக் கொண்டாந்துருக்கேன்."

"ஏன் கொதிக்க வைக்கிறீங்க? மருந்து போட்ட தண்ணிதான."

குஞ்சம்மா பாட்டிலை நீட்டினாள். அவன் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். ஒவ்வொரு கல்லறைக்குப் பக்கத்திலும் ஒரு பாட்டிலோ தூக்குவாளியோ இருந்தது.

"போன வருசமும் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டான்.

"விடுங்க தம்பி."

"சொல்லுங்க. சகாயமும் கொண்டாந்தாளா?"

குஞ்சம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லாதீங்கன்னு கைய புடிச்சுக் கேட்டுக்கிட்டா தம்பி. வண்டியில போவும்போதுகூட அதத்தான் சொன்னா" என்றாள். "அவ கொண்டாரல. நாங்க பாட்டில எடுத்ததும் அவளுக்குக் கோவம் வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு கணக்குப் போட்டு, கோயில்ல நின்னு சொல்லிருக்காரு, இதக் கொண்டாந்து அவர அவமானப்படுத்துறீங்களான்னு கேட்டா. கொழாயத் தொறந்து செம்புல புடிச்சா. தண்ணி கலங்கலா வந்துது. வேணாம்டின்னேன். நான் என் கையால ஊத்திப் பாத்துருக்கேன், எனக்குத் தெரியும்னு சொல்லி, எங்க முன்னாடி மடக்கு மடக்குனு குடிச்சா."

குஞ்சம்மா சொன்னதை லூர்து உள்ளே ஏதோ அடுக்கிப் பார்ப்பது தெரிந்தது. யாரும் எடுக்காத குழாய், வருஷம் பூராவும் கிடந்த தண்ணீர், உடைந்த வாய்க்கால். விடை காட்டாத அந்த ஒரு கிளை. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

"இந்தக் கொழாய் சரி. வீட்டுல? வீட்டுல எல்லாரும் கொழாத்தண்ணியத்தான குடிச்சீங்க. ஞாயித்துக்கெழமையிலேருந்து."

"இல்ல தம்பி."

"யாருமேவா?"

"கொதிக்க வச்சுத்தான். உங்க வீட்டத் தவிர எல்லா வீட்டுலயும் கொதிக்க வச்சுத்தான் குடிச்சோம். எப்பவுமே அப்படித்தான். உங்க புள்ளை போனதுலேருந்தே அப்படித்தான். நீங்க அவ்வளவு பாடுபட்டுச் சொல்றப்ப உங்க மனசு நோவக் கூடாதுன்னு தலைய ஆட்டுவோம்." குஞ்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவ ஒருத்திதான் தம்பி அப்படியே குடிப்பா."

அவன் சகாயத்தின் கல்லறை மேல் உட்கார்ந்துவிட்டான். ஈரச் சுண்ணாம்பு வேட்டியெல்லாம் ஒட்டியது. எழுப்பப் போனேன், கையை உதறிவிட்டான். பெண்கள் ஒவ்வொருவராகப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்கள். பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஊரே என்னை நம்பலக்கா" என்றான். "அவளும் நம்பாம இருந்துருக்கலாம்ல."